சட்டை தொளதொளக்கும் பாட்டில்: அங்கோஸ்டுரா அரோமேட்டிக் பிட்டர்ஸ்

மஞ்சள் மூடி. பாட்டிலின் தோளைத் தாண்டிக் கழுத்துவரை ஏறி நிற்கும் வெள்ளைத் தாள். அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிட்டதுபோல இருக்கும் அந்த லேபிளை வைத்தே, வெளிச்சம் குறைந்த பாரிலும் அங்கோஸ்டுராவைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு போட்டிக்காக, இதைத் தயாரித்த குடும்பத்துச் சகோதரர்களில் ஒருவர் பாட்டிலையும் இன்னொருவர் லேபிளையும் தனித்தனியே ஏற்பாடு செய்தார்களாம். இரண்டும் பொருந்தவில்லை, மாற்ற நேரமும் இல்லை. கதை உண்மையோ இல்லையோ, லேபிள் இன்றுவரை தொளதொளவென்றுதான் இருக்கிறது.

பிட்டர்ஸ் என்பது காக்டெயிலில் துளித்துளியாகச் சேர்க்கும் கசப்பு மணச்சாறு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். காக்டெயிலுக்கு ஒரே ஒரு பிட்டர்ஸ்தான் வாங்குவதென்றால் இதை வாங்குங்கள். விஸ்கிக்கும் ரம்முக்கும் இதற்கு நிகராக எல்லா இடத்திலும் கைகொடுக்கும் வேறொரு பாட்டில் இல்லை. ஆனால் வெளிர்நிற ஜின் பானங்களில் இது அதிகப்பிரசங்கி. அங்கே வேறு ஆள் வேண்டும். இதன் பெரிய குறையோ உள்ளே இருக்கும் சரக்கில் இல்லை. பாட்டிலின் வாயில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் அடைப்பானில் இருக்கிறது.

சரக்கைப் பற்றி முதலில். வெனிசுவேலாவின் அங்கோஸ்டுரா நகரில் (இன்றைய சியுடாட் பொலிவார்) தென் அமெரிக்க விடுதலை வீரர் சிமோன் பொலிவாரின் படைக்கு மருத்துவம் பார்த்த ஜெர்மானியர் யோஹான் சீகெர்ட், 1824-ல் வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாக உருவாக்கியது இது. 1875-ல் தயாரிப்பு டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு மாறியது. பெயர் ஊரிலிருந்து வந்தது. அங்கோஸ்டுரா என்று ஒரு மரப்பட்டையும் இருப்பதால் அதைத்தான் இதில் ஊறவைக்கிறார்கள் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். இந்தப் பாட்டிலில் அந்தப் பட்டை கிடையாது. கசப்பைத் தருவது ஜென்ஷியன் வேர். அதிலுள்ள அமரோஜென்டின், இயற்கையில் கிடைக்கும் மிகக் கசப்பான பொருள்களில் ஒன்று. மீதி சூத்திரம் ரகசியம். மூக்குக்கு எட்டுவது கிராம்பு, லவங்கப்பட்டை, காய்ந்த ஆரஞ்சுத் தோல், அடியில் கருகிய சர்க்கரையின் வாசனை. ஆல்கஹால் 44.7 சதவீதம். மணப்பொருள்களின் எண்ணெய் கரைந்து நிற்பதற்கும், திறந்த பாட்டில் வருடக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கும் இந்த வீரியம்தான் காரணம்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். கம்பாரி, அமாரோ போன்ற இத்தாலியக் கசப்பு மதுவகைகளையும் ‘பிட்டர்’ என்றுதான் சொல்கிறார்கள். அவை அப்படியே ஊற்றிக் குடிப்பதற்கானவை. நெக்ரோனி காக்டெயிலில் கம்பாரி 30 மி.லி. போகிறது. அங்கோஸ்டுராவைக் கணக்கிடுவது டேஷில், அதாவது பாட்டிலை ஒருமுறை உதறினால் விழும் அளவில். ‘பிட்டர்ஸ் 2 டேஷ்’ என்று செய்முறையில் இருக்கும் இடத்தில் கம்பாரியை இரண்டு டேஷ் விட்டால் நிறம்கூட மாறாது. கம்பாரி இருக்கவேண்டிய இடத்தில் அங்கோஸ்டுராவை ஊற்றினால் வாஷ்பேசினில் கொட்டவேண்டியதுதான்.

பிட்டர்ஸை ஏதோ கடைசியில் தெளிக்கும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாற்றுத் தகவல். காக்டெயில் என்றால் என்ன என்று அச்சில் வந்த முதல் விளக்கம் 1806-ல், நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்றில். மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்று நான்கே பொருள். முதல் மூன்றும் சேர்ந்தால் ஸ்லிங். நான்காவது சேர்ந்த பிறகுதான் காக்டெயில்.

இனி அந்த அடைப்பான் விவகாரம்.

‘டேஷ்’ என்பது அளவு மாதிரி ஒலிக்கும் ஒரு சொல், அவ்வளவுதான். 32 டேஷ் சேர்ந்தால் ஒரு அவுன்ஸ் என்று பார்களில் ஒரு கணக்கு உண்டு. அப்படிப் பார்த்தால் ஒரு டேஷ் சுமார் 0.9 மி.லி. நிஜத்தில் பாட்டிலுக்குப் பாட்டில், கைக்குக் கை மாறும். அங்கோஸ்டுராவின் துளை தாராளமானது. புது பாட்டிலில் உள்ளே காற்றுக்கு இடமில்லை, நீர்மம் அசைந்து வேகம் எடுக்க வழியில்லை. உதறினால் கொஞ்சமாக வரும். பாதி காலியான பாட்டிலை அதே வேகத்தில் உதறினால் கணிசமாகக் கூடுதலாக விழும். போன மாதம் நன்றாக வந்த ஓல்டு ஃபேஷன்ட் என்னும் விஸ்கி காக்டெயில் இந்த மாதம் கிராம்புக் கஷாயமாக ஏன் மாறியது என்று விஸ்கியைச் சந்தேகிப்பவர்கள் முதலில் பாட்டிலைத் தூக்கிப் பார்க்கலாம்.

உங்கள் டேஷ் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். 0.1 கிராம் வரை காட்டும் தராசில் ஒரு சிறு கிண்ணத்தை வைத்துப் பத்து முறை உதறுங்கள். வரும் எடையைப் பத்தால் வகுத்தால் ஒரு டேஷ். (கிராமும் மி.லி.யும் இங்கே ஏறத்தாழ ஒன்றுதான்.) 9 கிராம் வந்தால் வழக்கமான கை. 12 வந்தால் நீங்கள் இரண்டு என்று நினைத்துப் போடுவது கிட்டத்தட்ட மூன்று. உதறும் முறையும் முக்கியம்: பாட்டிலை முழுதாகத் தலைகீழாக்கி, ஒரே வெட்டில் கீழே இறக்கி, உடனே நிமிர்த்த வேண்டும். சாய்த்துப் பிடித்துக் காத்திருந்தால் முதலில் ஒன்றும் வராது, பிறகு ஒழுகும். அது எந்த அளவிலும் சேராது.

தினமும் கலப்பவர்கள் ஜப்பானிய பாணிக் கண்ணாடி டேஷர் பாட்டிலுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. அதன் உலோக மூக்கு சின்னது, உதறல் சீராக இருக்கும். ஆனால் அளவும் சின்னது. மாற்றிய அன்றே மறுபடி எடைபோட்டுப் பார்க்காவிட்டால், இரண்டு டேஷ் என்று எழுதியதை நம்பி இரண்டே போட்டு, பானம் சப்பென்று இருக்கிறது என்று புலம்ப நேரும். சிறு தயாரிப்பாளர்கள் பாட்டிலோடு தரும் ரப்பர் டிராப்பரிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு சொட்டும் ஒரு டேஷும் ஒன்றல்ல. ஒரு டேஷுக்குப் பல சொட்டுகள் வேண்டும்.

பத்துப் பேருக்குச் சேர்த்துக் கலக்கும்போது இருபது முறை உதறாதீர்கள். ஒவ்வொரு உதறலின் பிழையும் கூடிக்கொண்டே போகும். 20 டேஷ் என்றால் 18 மி.லி. முதலில் 12 மி.லி. மட்டும் அளந்து ஊற்றி, ஐஸ் தண்ணீர் கலந்த ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு மீதியைச் சேருங்கள். கூடிப்போன பிட்டர்ஸைத் திரும்ப எடுக்க வழியில்லை. தனிக் கிளாஸில் கலக்கும்போதும் பிட்டர்ஸையும் பாகையும் முதலில் போட்டு, விலை கூடிய மதுவைக் கடைசியில் ஊற்றுவது இதனால்தான். கை தவறினால் போவது சர்க்கரைப் பாகு மட்டுமே.

பாட்டிலை நாக்கில் கவிழ்த்து ருசி பார்ப்பது வீண் வேலை. கிட்டத்தட்ட விஸ்கி வீரியமும் ஜென்ஷியனும் சேர்ந்து நாக்கைக் கட்டிப்போட்டுவிடும். அடுத்த சில நிமிடம் எதை வைத்தாலும் ஒரே மாதிரிதான். புதிய பிட்டர்ஸ் எதையும் சோதிக்க உருப்படியான வழி: இரண்டு கிளாஸ் எடுத்து, இரண்டிலும் 30 மி.லி. விஸ்கி, அரை டீஸ்பூன் பாகு, ஒரு ஐஸ் கட்டி. ஒன்றில் மட்டும் ஒரு டேஷ். முதலில் பிட்டர்ஸ் இல்லாததைக் குடியுங்கள். இனிப்பு ஒரு பக்கமும் மதுவின் காரம் ஒரு பக்கமுமாகத் தனித்தனியே நிற்கும். பிறகு மற்றது. அங்கோஸ்டுராவைப் பொறுத்தவரை அந்த இரண்டையும் ஒட்டவைக்கும் ஒரு நடுப்பகுதி உருவாகியிருக்கும். ‘கசக்கிறது’ என்று சொல்லத் தோன்றாது. தோன்றினால் டேஷ் பெரிதாகிவிட்டது.

இந்த ஒட்டவைக்கும் வேலை மிகத் தெளிவாகத் தெரிவது ஓல்டு ஃபேஷன்டில். 60 மி.லி. போர்பன் அல்லது ரை விஸ்கி, இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று காய்ச்சிய கெட்டிப் பாகு 5 மி.லி., 2 டேஷ். பெரிய ஐஸ் கட்டியோடு முப்பது விநாடி கிளறி, ஆரஞ்சுத் தோலைப் பானத்தின் மேல் மடக்கிப் பிழிந்தால் முடிந்தது. சர்க்கரைக் கட்டியில்தான் செய்வேன் என்றால் வரிசையை மாற்றக்கூடாது: கட்டி, அதன் மேல் 2 அல்லது 3 டேஷ், ஒரு டீஸ்பூன் தண்ணீர், நசுக்கிக் கூழாக்கிய பிறகே விஸ்கி. விஸ்கியை முதலில் ஊற்றினால், ஆல்கஹாலில் சர்க்கரை லேசில் கரையாது என்பதால், அடியில் மணல் மாதிரித் தங்கும். முதல் பாதி வறண்டும் கடைசி வாய் திகட்டியும் போவதற்கு இதுவே காரணம். ஆரஞ்சுத் தோலை வெட்டும்போது உள்வெள்ளையையும் சேர்த்து வெட்டிக் கிளாஸுக்குள் போட்டுவிட்டு, கசப்புக்குப் பிட்டர்ஸைத் திட்டுவது இன்னொரு வழக்கம்.

மன்ஹாட்டன் காக்டெயிலில் 60 மி.லி. ரை, 30 மி.லி. இனிப்பு வெர்மூத், 2 டேஷ். இங்கே அங்கோஸ்டுராவுக்கு மாற்றே இல்லை என்பது எங்கள் கட்சி. ஆரஞ்ச் பிட்டர்ஸை மட்டும் போட்டால் மேலே மணக்கும், நடுவில் பள்ளம் விழும். ஒன்று அங்கோஸ்டுரா, ஒன்று ஆரஞ்ச் என்று பிரித்தால் நன்றாக இருக்கும். மன்ஹாட்டன் புளித்த மாதிரி, தட்டையாக இருந்தால் பிட்டர்ஸைக் கூட்டாதீர்கள். திறந்த வெர்மூத்தை அலமாரியில் வைத்திருப்பீர்கள். அது ஒயின்தான், ஃபிரிட்ஜில் இருக்கவேண்டிய பொருள்.

கலந்து பத்து நிமிடம் கழித்துக் கிராம்பு தூக்கலாகிவிடுகிறது என்ற புகாரில் நியாயம் உண்டு. ஐஸ் உருக உருக இனிப்பு நீர்த்துப்போகும். ஜென்ஷியனின் கசப்போ மிகச் சிறிய அளவிலேயே தெரியக்கூடியது, அவ்வளவு சீக்கிரம் அடங்காது. நிதானமாகக் குடிப்பவர்களுக்குப் பெரிய ஐஸ் கட்டி போடுங்கள், பாகை ஒரு மி.லி. கூட்டுங்கள். பிட்டர்ஸைக் குறைத்தால் முதல் வாயே வெறுமையாகிவிடும்.

சொதப்பும் இடங்களையும் சொல்ல வேண்டும். டிரை மார்ட்டினியில் ஒரு டேஷ் விட்டாலே பளிங்கு நிறம் போய்ப் பழுப்பு ஏறும், ஜினின் மென்மையான வாசனைகளின் மேல் கிராம்பு ஏறி உட்கார்ந்துகொள்ளும். ரம் பானமான டைகிரியில் எலுமிச்சையின் கூர்மையை மழுங்கடிக்கும். புகைவாடை அடிக்கும் ஸ்காட்சில் புகையும் மசாலாவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். போட்டே ஆகவேண்டுமென்றால் அரை டேஷ். பிங்க் ஜின் மட்டும் விதிவிலக்கு. 60 மி.லி. ஜினும் 3 டேஷும் மட்டுமே இருக்கும் அந்தப் பானத்தில் வேறு எதையும் மூடி மறைக்க வாய்ப்பில்லை. அதற்கும் ஜூனிபர் காயின் வாசம் தூக்கலான, வீரியமான ஜின்தான் தாங்கும்.

ஆகவே இரண்டாவது பாட்டில் ஆரஞ்ச் பிட்டர்ஸ். அங்கோஸ்டுராவே 2007-ல் ஒன்றைக் கொண்டுவந்தது, 28 சதவீதம். சுத்தமான தோல் மணம், கசப்பு குறைவு. மார்ட்டினிக்கு ஒரு டேஷ் என்றால் குறை சொல்ல முடியாது. கேரி ரீகன் உருவாக்கிய ரீகன்ஸ் ஆரஞ்ச் பிட்டர்ஸ் நம்பர் 6 வேறு ரகம்: 45 சதவீதம், ஆரஞ்சைவிட ஏலக்காய் முந்திக்கொண்டு வரும், வறண்ட முடிவு. நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரிலிருந்து வரும் ஃபீ பிரதர்ஸ் ஆரஞ்ச், கிளிசரினில் செய்தது. தித்திப்பும் மிட்டாய் வாசனையும். தனியாக எங்களுக்கு உவப்பில்லை. ஆனால் ரீகன்ஸும் ஃபீயும் சரிபாதி கலந்தால் ஒன்றின் வறட்சியை மற்றது சரிசெய்கிறது. பார்டெண்டர்களிடையே இந்தக் கலவை நெடுநாள் பழக்கம். மார்ட்டினிக்கு எங்கள் தேர்வும் இதுவே.

மூன்றாவது பேஷோஸ். நியூ ஆர்லியன்ஸில் மருந்துக்கடை வைத்திருந்த அந்துவான் பேஷோ 1830-களில் செய்தது. 35 சதவீதம், செக்கச்சிவப்பு. சோம்பு மணமும் செர்ரி மாதிரியான இனிப்பும் முன்னால் வரும், கசப்பு பின்னால் லேசாக. இதை அங்கோஸ்டுராவுக்குப் பதிலாகப் போடலாமா என்றால், கூடாது. சாசராக்குக்கு இது இல்லாமல் முடியாது: 60 மி.லி. ரை, 5 மி.லி. பாகு, பேஷோஸ் 4 டேஷ், சோம்பு மணமுள்ள அப்சிந்த் மதுவை விட்டுச் சுழற்றிக் கொட்டிய கிளாஸ், மேலே எலுமிச்சைத் தோல் பிழிவு. சாசராக்கே குடிப்பதில்லை என்பவருக்கு இந்தப் பாட்டில் ஷோகேஸ் பொம்மைதான். சாக்லேட், செலரி, லாவெண்டர் வகைகள் எல்லாம் இதற்குப் பிறகு. பெரும்பாலானவை ஒரே ஒரு பானத்துக்காக வாங்கப்பட்டுத் தூசி படிகின்றன.

பிட்டர்ஸ் நாக்குக்கு மட்டுமல்ல, மூக்குக்கும் வேலை செய்யும் இடம் முட்டை வெள்ளைக்கரு நுரை. பிஸ்கோ சவர் போன்ற பானங்களில் நுரை உலர உலர ஒரு ஈரக் கவிச்சி எழும். நுரையின் மேல் விடும் மூன்று நான்கு சொட்டுதான் அதை மறைக்கிறது. பிஸ்கோ சவருக்குப் பெருவின் அமார்கோ சுஞ்சோ பிட்டர்ஸ் கிடைத்தால் இன்னும் பொருத்தம். அங்கே டேஷாகக் கொட்டாமல் டிராப்பரில் விடவேண்டும். இல்லையென்றால் நுரை ஓட்டைவிழுந்து பானம் பழுப்பாகும்.

எல்லா விதியையும் மீறும் ஒரு பானமும் உண்டு. நியூயார்க் பார்டெண்டர் ஜூசெப்பே கோன்சாலெஸின் டிரினிடாட் சவரில் அங்கோஸ்டுராவே அடிப்படை மது: 45 மி.லி. அங்கோஸ்டுரா, 30 மி.லி. ஆர்ஜா என்னும் பாதாம் பாகு, 22.5 மி.லி. எலுமிச்சைச் சாறு, 15 மி.லி. ரை. படிக்கும்போது பைத்தியக்காரத்தனம். குடித்தால் பாதாமின் கொழுப்பும் சர்க்கரையும் கசப்பை அடக்கிப்போட்டு மசாலாவை மட்டும் வெளியே விடுகின்றன. ஆர்ஜா நீர்த்ததாக இருந்தால் பானம் தோற்றுவிடும், மட்டமான பாகில் இதை முயலவே வேண்டாம். அடைப்பானைக் கத்திமுனையால் நெம்பி எடுத்துவிட்டு அளவுக் கோப்பையில் ஊற்றுங்கள். ஐம்பது முறை உதறினால் மணிக்கட்டுதான் போகும்.

சோடாவில் 3 டேஷ் விட்டுக் குடிப்பதை மது இல்லாத பானம் என்று பரிமாறுகிறார்கள். கணக்குப் போட்டால், 200 மி.லி. சோடாவில் 2.7 மி.லி. பிட்டர்ஸ், அதாவது சுமார் 1.2 மி.லி. ஆல்கஹால், 0.6 சதவீதம். சிறிய அளவுதான். ஆனால் மதுவை அறவே தொடாதவருக்கும், மதுவை விட்டு மீண்டு வருபவருக்கும் சொல்லாமல் கொடுக்கக்கூடாது. வயிற்றுக்கு நல்லது என்ற பழைய மருந்துப் பேச்சை நம்பி வாங்க வேண்டியதும் இல்லை.

வீட்டிலேயே ஊறவைக்கலாமே என்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கை. எல்லாவற்றையும் ஒரே ஜாடியில் போடாதீர்கள். கிராம்பு ஓரிரு நாளில் முழுதாக இறங்கிவிடும், ஆரஞ்சுத் தோலுக்கு ஒரு வாரம் வேண்டும். சேர்த்துப் போட்டால் கிராம்பு மற்றதையெல்லாம் தின்றுவிடும். 50 சதவீத மதுவில் தனித்தனியே ஊறவைத்து, வடிகட்டி, பிறகு சொட்டுக் கணக்கில் கலக்க வேண்டும். தண்ணீரைத் தாராளமாகச் சேர்த்தால் எண்ணெய் பிரிந்து பால்போலக் கலங்கும். சின்கோனா பட்டையைத் தவிர்த்துவிடுங்கள். அதில் இறங்கும் குவினைனின் அளவை வீட்டில் கட்டுப்படுத்த முடியாது. அதிகமானால் காதில் இரைச்சல், தலைச்சுற்றல் என்று போகும். இவ்வளவும் செய்து கிடைப்பது அங்கோஸ்டுராவைவிட நன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பராமரிப்பு சுலபம். ஃபிரிட்ஜ் தேவையில்லை, வெயில் படாமல் வைத்தால் போதும். ஆரஞ்ச் பிட்டர்ஸ் மட்டும் மெல்ல மணம் மங்கும், அதனால் சிறிய பாட்டிலாக வாங்குங்கள். அங்கோஸ்டுராவின் கருஞ்சிவப்பு நிறம் மரப்பலகையிலும் துணியிலும் ஏறினால் போகாது. சிந்திய உடனே துடைக்க வேண்டும். சர்க்கரை காய்ந்து அடைப்பானின் துளை ஒட்டிக்கொண்டால் ஊசியால் குத்திப் பெரிதாக்காதீர்கள், வெந்நீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் சுற்றிவைத்தால் திறந்துகொள்ளும்.

காலியான பாட்டிலையும் எறிய வேண்டாம். மேலே சொன்ன ரீகன்ஸ், ஃபீ கலவைக்கு அது நல்ல டேஷர். வெந்நீரில் பலமுறை அலசிக் காயவையுங்கள். அப்படியும் பிளாஸ்டிக் அடைப்பானில் கிராம்பு வாசம் கொஞ்சம் தங்கும், முதல் சில உதறலை வீணாக்கிவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். லேபிளில் பெரிதாகப் பெயர் எழுதி ஒட்டவும் மறக்காதீர்கள். தாள் பெரிது, இடம் தாராளமாக இருக்கிறது.